ஆட்சேபனைச் சித்தர்

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜ் மாடி. வெள்ளிக்கிழமை என்றால் படிக்கட்டு வரைக்கும் கூட்டம். கல்யாண வரம், பிள்ளை வரம் எல்லாம் பழைய வியாபாரம். ஆட்சேபனைச் சித்தர் காலத்துக்கேற்ற மகான். 'இது புதுசில்லை' என்று காப்புரிமை அலுவலகம் அனுப்பும் கடிதங்களுக்கு மட்டுமே குறி சொல்வார்.

விளாங்குடி முத்துமீனா கண்டுபிடித்தது, காலால் மிதித்து முறுக்குப் பிழியும் கருவி. ஜப்பானில் ஏற்கெனவே இப்படி ஒன்று இருக்கிறதே என்று அவளுக்கும் கடிதம் வந்துவிட்டது. பதில் எழுதக் கெடு இன்னும் இருபது நாள். அவள் கணவன் அழகுமலை அவளைச் சித்தரிடம் இழுத்து வந்தான்.

சித்தர் கடிதத்தைத் தொடவில்லை. விண்ணப்ப எண்ணை மட்டும் வெற்றிலையில் எழுதி வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். முதலில் கற்பூர வாசனை வந்தது. பிறகு அவர் வந்தார்.

"முறுக்கு! ஜப்பான்காரன் குறுக்க நிக்கிறான்!"

அழகுமலை தடாலென்று காலில் விழுந்தான். "பதில் எழுதணுமா சாமி?"

"எழுதுனா கிரகம் கோவிச்சுக்கும். கடுதாசிய ஒரு மண்டலம் பூசையில வையி."

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள்! கெடுவோ இருபதே நாள். திரும்பும் பஸ்ஸில் முத்துமீனா செல்போனை எடுத்து, காப்புரிமை இணையதளத்தில் தன் எண்ணை அடித்தாள். கடிதம் முழுசாக வந்து நின்றது. யார் அடித்தாலும் வரும்.

அடுத்த வெள்ளி அவளே முதலில் போய் நின்றாள். "இன்னொரு கடுதாசி வந்துருக்கு சாமி." வெற்றிலையில் அவள் எழுதிக் கொடுத்தது முன்பின் தெரியாத யாருடைய எண்ணோ.

கற்பூரம் மணத்தது. சித்தர் முழங்கினார்: "கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி! பழைய சரக்குங்கிறான்!"

"எங்க வீட்டுல ஒரு கோழி கூடக் கிடையாது. அது எவரு நம்பரோ! ஒங்க தெய்வத்துக்கு அம்புட்டுக் கூடவா தெரியல?"

சொல்லிக்கொண்டே திரையை விலக்கினாள். உள்ளே லேப்டாப். அதன் திரை முழுக்கக் கோழிப்பெட்டிக் கடிதம். சித்தர் பின்படியில் இறங்கிய வேகத்துக்கே தனியாக ஒரு காப்புரிமை கொடுக்கலாம்.

"தெய்வம் லேப்டாப்லயும் வரும்மா," என்றார் கூட்டத்தில் ஒரு பக்தர், மனம் தளராமல்.

முத்துமீனா வீட்டுக்குப் போய் ஜப்பான்காரனின் கருவி விவரத்தைப் படித்தாள். அது மாவை நேராகப் பிழிந்து தள்ளுவதோடு சரி. அவளுடையதில் தட்டும் கூடவே சுற்றும். முறுக்கு தானே சுழித்துக்கொள்ளும். உரிமை கேட்டதை அந்தச் சுற்றும் தட்டோடு சுருக்கிக்கொண்டு, வித்தியாசத்தைப் படம் போட்டு எழுதி, கெடுவுக்கு நான்கு நாள் முன்பே அனுப்பினாள். மறுவருஷம் காப்புரிமை வந்தது.

கடிதம் அனுப்பிய காப்புரிமை அதிகாரி கேட்டது ஒன்றுதான்: 'நீ சொல்றதுக்கு ஆதாரம் என்ன?' முறுக்குக் கருவிக்கே அப்படிக் கேட்கிறது ஒரு ஆபீஸ். மகான்களிடம் மட்டும் நாம் ஏனய்யா கேட்பதில்லை?