ரெண்டு ஊட்டுத் தட்டும் ஹென்ரிக் கையில்

என் இருபத்து இரண்டு டைரிகளில் ஒரே ஒரு பக்கம் இல்லை. கிழித்தது நான்தான். பேனா கசிந்தாலும் கிழிக்காதவள், மழையில் நனைந்த பக்கங்களை இஸ்திரி போட்டு வைத்திருப்பவள், நானூறு பேர் பார்க்க மேடையில் நின்று கிழித்தேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி மேனேஜர். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதம், எங்கள் சரக்கைச் சோதிக்க டென்மார்க்கிலிருந்து ஹென்ரிக் வந்திருந்தார். ஆறடி மூன்று அங்குலம். காலர் தையலில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் அவர் முகத்தில் துக்கம் தெரியும். (என் முகத்திலும்தான். அதனால்தான் ஒத்துப்போனது.)

வியாழக்கிழமை அவர் தையல் பிரிவில் நின்றுகொண்டு, லேபிளை ஓர் அங்குலம் கீழே தைக்கலாமே என்றார். நான் மறுத்தேன். "வாய்ப்பேச்சில் மாற்றம் செய்ய மாட்டேன். எழுத்தில் வேண்டும். எழுதியவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர், இரண்டு கையெழுத்து." அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்த மகிழ்ச்சியில்தான் மறுநாள் என் தங்கை மகள் நிவேதாவின் நிச்சயதார்த்தத்துக்கு அவரை அழைத்துவிட்டேன்.

அழைத்ததோடு விட்டிருக்கலாம். இரவே உட்கார்ந்து பதினான்கு விதிகள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, லேமினேட் போட்டுக் கொடுத்தேன். அவற்றில் மூன்று இங்கே தேவை.

விதி மூன்று: தட்டு நீட்டினால் மறுக்காமல் கைநீட்டி வாங்கவும். விதி ஏழு: வாங்கியதைக் கீழே வைக்கக் கூடாது, கொடுத்தவரிடமோ வேறு எவரிடமோ தரவும் கூடாது. விதி பதினொன்று: யாராவது கையைப் பிடித்து இழுத்தால் பதற வேண்டாம், அது அன்பு, புன்னகை செய்யவும்.

நிச்சயம் வெள்ளகோவிலில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் குண்டடம் பக்கம். அவர்கள் தரப்பில் எல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பாதான். ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்ததால், மண்டபத்தில் நுழையும்போதே கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"பத்தரைக்கு ராகு காலமுங்க. அதுக்குள்ள தட்டு மாத்தியாகோணும். தாண்டிப்போச்சுன்னா ஆவணியில பாத்துக்கலாமுங்க."

இடையில் ஆடி. 'ஆவணியில் பார்க்கலாம்' என்றால் பார்க்கவே போவதில்லை என்று என் தங்கைக்குப் புரிந்தது. நிவேதாவுக்கு எங்களைவிட நன்றாகப் புரிந்தது. அவளும் மாப்பிள்ளைப் பையனும் ஒரே கல்லூரி. பெரியவர்கள் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தம் என்றுதான் இரண்டு வீடும் நம்பிக்கொண்டிருந்தது. (எனக்குத் தெரியும். டைரியில் இருக்கிறது.)

பத்து பதினைந்துக்கு நான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். ஹென்ரிக்கின் இலைக்கு ஸ்பூன் வைத்தார்களா என்று சரிபார்க்க. அந்த ஆறு நிமிடத்தில் எல்லாம் நடந்தது.

வெள்ளைக்காரர் படத்தில் இருந்தால் ஆல்பம் எடுப்பாக இருக்கும் என்று போட்டோகிராபர் அவரை மேடையேற்றி, இரண்டு தகப்பனார்களுக்கும் நடுவில் நிறுத்தியிருக்கிறார். "ரெண்டு பேரும் என்னையப் பாத்துட்டே தட்டை நீட்டுங்க!" இருவரும் காமிராவைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்கள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு இரண்டு பக்கமிருந்தும் தட்டுகள் வருவதை ஹென்ரிக் கண்டார். விதி மூன்றின்படி கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது மேளம் நின்றிருந்தது. என் தங்கை கணவர் ஹென்ரிக்கின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஹென்ரிக் புன்னகை செய்தார். மாப்பிள்ளையின் அப்பா மறு முழங்கையை இழுத்தார். புன்னகை இன்னும் விரிந்தது. விருந்தாளி கையிலிருந்து பிடுங்கவும் இருவருக்கும் மனம் வரவில்லை.

"ஏனுங்க, அந்தத் தொரை பொண்ணூட்டுக்காரருங்களா, நம்மூட்டுக்காரருங்களா?" என்று கீழே ஓர் அம்மாள் கேட்டார்.

"ரெண்டு ஊட்டுத் தட்டும் அவருகிட்டத்தானுங்க இருக்குது. இனி அவரு பாத்துக் குடுத்தாத்தான் கல்யாணம்."

பெரியப்பா கடிகாரத்தை உயர்த்தினார். "பத்து இருபத்தி ரெண்டுங்க."

மேடையேறி, தட்டுகளைக் கொடுத்துவிடச் சொன்னேன்.

"விதி ஏழு அனுமதிக்கவில்லையே" என்றார் ஹென்ரிக்.

"அதை எழுதியது நான். நானே சொல்கிறேன்."

அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். "வாய்ப்பேச்சிலா?"

அந்த நொடியில் என் மீது எனக்கு வந்த கோபத்தை டைரியில் எழுத இடமில்லை. பக்கத்தைத்தான் கிழித்துவிட்டேனே.

கைப்பையிலிருந்த டைரியில் அன்றைய பக்கத்தைக் கிழித்து, ஆங்கிலத்தில் எழுதினேன். 'திருத்தம் 1. விதி ஏழு ரத்து. இடக்கைத் தட்டு வலப்பக்கத்தவருக்கு, வலக்கைத் தட்டு இடப்பக்கத்தவருக்கு.' தேதி, நேரம், கையெழுத்து. அவருக்குத்தான் கை காலி இல்லையே, முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நிதானமாக இரண்டு முறை படித்தார்.

"ஒப்புதல் கையெழுத்து?"

நிவேதா அழத் தொடங்கியிருந்தாள். "பெரியம்மா, யாராச்சும் போடுங்களேன்!"

அருகில் கடிகாரத்தோடு நின்றது ஒருவர்தான். பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"எதுக்குங்க இது?" என்றார் பெரியப்பா.

"நேரத்துக்குங்க சாமி. போட்டீங்கன்னா தட்டு மாறிருமுங்க."

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடறதில்லீங்க."

தமிழில் சொன்னேன். கண்ணாடியைத் தேடினார், கிடைத்தது, என் முதுகில் தாளை வைத்து முழுப்பெயரையும் இனிஷியலோடு எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார். ஹென்ரிக் தலையசைத்தார். பிறகு இரண்டு கைகளையும் மார்புக்கு முன் குறுக்காகக் கொண்டுபோய், ஒரு வெற்றிலை நழுவாமல் தட்டுகளை மாற்றிக் கொடுத்தார். மேளம் பிளந்து கட்டியது.

"பத்து இருபத்தொம்பதுங்க" என்றார் பெரியப்பா. பிறகு ஹென்ரிக்கை மேலும் கீழும் பார்த்து, "மனுசன் சுத்தமானவருங்க. எழுத்து இல்லாம அசைய மாட்டேங்கறாரு பாருங்க. நம்மூட்டுல ஒருத்தன் இப்படி இருக்கானா?" என்றார்.

அந்தத் தாளை நான் திரும்பக் கேட்டேன். ஒப்புதல் தந்தவர் அவர் என்பதால் அவரிடமே இருக்க வேண்டுமாம். நிச்சயப் பத்திரிகையோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார். ஹென்ரிக்கை இரண்டு வீட்டிலும் 'சம்பந்தி' என்றுதான் சொல்கிறார்கள். இன்றும் எங்கள் குடும்ப விசேஷங்களில் யாராவது தட்டோடு எழுந்தால், பின்வரிசையிலிருந்து "கையெழுத்து ஆச்சுங்களா?" என்று குரல் வருகிறது.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் கால் வைத்ததுமே, பட்டுப் புடவையில் நின்ற நிவேதா ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். லேமினேட் போட்டிருந்தாள்.

விதி ஒன்று: பெரியம்மா முதல் வரிசையில் உட்காரவும். விதி இரண்டு: எழ வேண்டாம். விதி மூன்று: யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

கீழே இரண்டு கையெழுத்து. எழுதியவர் நிவேதா. ஒப்புதல் தந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, முழுப்பெயர், இனிஷியல், அடியில் ஒரு கோடு.

குறை தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.