மூன்று மூக்குக்கண்ணாடிகள்

எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருக்கும் ஆளை நம்பி யாரும் மேடை ஏறிவிடாதீர்கள். நான் அப்படிப்பட்ட ஆள். வெளியே போனால் குடை எடுத்துப் போவேன். குடை கிழிந்தால் தலையில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போவேன். (பை கிழிந்தால்? இரண்டாவது பை உண்டு.) பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருநாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு நிமிடத்தில், நான் செய்த காரியம்தான் இது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சிரிப்புக் கதை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தீவுப் பட்டணத்தில், பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி வேலை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல், டத்தோ கிராமாட் பகுதியில் ஏழு பேர் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் ஒன்றுக்குச் செயலாளர். தலைவர் கந்தையா மாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர். சங்கத்தின் கொள்கை எளிமையானது. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எந்த வழியில் பிள்ளை உண்மையிலேயே படிக்கிறது என்று சோதித்துப் பார்த்து, பலன் தெரிந்ததை மட்டும் செய்ய வேண்டும். அப்போது வகுப்புகளில் பாடத்தைக் கூட்டமாகச் சொல்ல வைப்பார்கள். பின்வரிசைப் பிள்ளை வாயை அசைத்தால் போதும். நாங்கள் எழுத்தையும் ஒலியையும் வரிசையாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தோம். மாதம் ஒருமுறை, பிள்ளை அதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்க வைத்தோம். கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வது நான். (வேறு யாரையும் கடிகாரத்தைத் தொட விடமாட்டேன்.)

இதோடு வீட்டுக்கு ஒரு மஞ்சள் அட்டை. தினமும் பதினைந்து நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டவர் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையை வடிவமைத்தது நான்தான். பல அட்டைகள் குழம்புக் கறையோடு திரும்பி வரும். சிலவற்றில் ஒரு வாரத்துக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டிருக்கும்.

தேவகியின் அட்டை மட்டும் வேறு ரகம். தேவகிக்கு எட்டு வயது. வந்தபோது கொம்பு போட்ட எழுத்தைப் பார்த்தாலே நின்றுவிடுவாள். நான்கு மாதத்தில் புதுப் பக்கத்தைத் தங்குதடை இல்லாமல் வாசித்தாள். எங்கள் பிள்ளைகளில் அவளைப்போல முன்னேறியவர் யாருமில்லை. அவள் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எல்லாக் கட்டத்திலும் அவள் அப்பா முனியாண்டியின் கையெழுத்து. ஒவ்வொன்றும் ஒரே உயரம், ஒரே சாய்வு, கோட்டைத் தொடாமல் கட்டத்தின் நட்டநடுவில். நான் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். (சிரிக்காதீர்கள், நிஜமாகவே வைத்தேன்.) "எவ்வளவு படித்த மனிதராக இருக்க வேண்டும்!" என்று அன்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் கையெழுத்தைக் கிறுக்குவார்கள் என்பதும், அப்படி அளந்து வரைகிறவருக்கு அது எழுத்தல்ல, படம் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. அவரை நான் பார்த்ததுமில்லை. ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார், அம்மாவுக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மாலை ஷிப்ட் என்பது மட்டும் தெரியும். தேவகி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நடந்து வருவாள்.

ஆண்டு முடிவில் ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் எங்கள் முறையைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பிடித்தால் அடுத்த ஆண்டு அவர் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளையும் எங்களிடம் விடுவார். ஏழு பேரும் அதற்காகத்தான் இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தோம். ஒரு சிறு மண்டபத்தை எடுத்தோம். நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். ஏழாவது அங்கம்: சிறந்த பெற்றோருக்குப் பரிசு, பிறகு தந்தையும் மகளும் வாசித்தல். பரிசு, கெட்டி அட்டை போட்ட தமிழ் அகராதி. அவரும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அழைப்புக் கடிதத்தில் பரிசு என்று மட்டும்தான் இருந்தது.

கூடவே "இடையூறுகளும் மாற்று ஏற்பாடுகளும்" என்று தனியாக ஒரு பக்கம் எழுதினேன். மழை வந்தால் துவாலை. மைக் பழுதானால் இன்னொரு மைக். பிள்ளை அழுதால் பிஸ்கட். வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் ஃபிளாஸ்கில் வெந்நீர். வெளிச்சம் குறைந்தால் மேஜை விளக்கு. கண்ணாடி மறந்து வந்தால் மூன்று ஜோடி: ஒன்று கந்தையா மாமாவுடையது, ஒன்று எங்கள் அப்பாவுடையது, ஒன்று பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது. மூன்றையும் ஒரு தாம்பாளத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தேன். தேநீர் ஊற்ற வந்த என் தங்கை கமலா தாம்பாளத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"அக்கா, இது பரிசளிப்போ, கண் ஆசுபத்திரியோ?"

முனியாண்டி ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டார். ஞாயிறு ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புதுச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். கை விரல்களில் எண்ணெய்க் கறை தேய்த்தும் போகாமல் இருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "டீச்சர், பாப்பா நல்லா படிக்குது டீச்சர்," என்றார். நான் டீச்சர் இல்லை என்று திருத்தினேன். (அதையும் விடவில்லை.)

ஏழாவது அங்கம் பத்து இருபதுக்குத் தொடங்கியது. அகராதியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கைதட்டல் ஓய்ந்ததும் நான் மைக்கில் சொன்னேன்: "இப்போது அண்ணன் ஒரு பக்கம் வாசிப்பார். பிறகு தேவகி வாசிப்பாள்."

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல டீச்சர், பாப்பா படிக்கும்."

"அவ அடுத்து படிப்பா அண்ணே. முதல்ல நீங்க."

"கண்ணாடி கொண்டு வரல டீச்சர்."

அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பட்டியலில் இருந்த ஒன்று நிஜமாகவே நடந்துவிட்டது! தாம்பாளத்தை எடுத்து நீட்டினேன். மண்டபம் சிரித்தது. தலைமையாசிரியரும் சிரித்தார்.

முதல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "தல சுத்துது லா."

இரண்டாவதை நீட்டினேன். "இதுவும் சரியில்ல டீச்சர்."

மூன்றாவது எங்கள் அப்பாவுடையது. அதை இரண்டு கையாலும் பிடித்துப் போட்டுக்கொண்டார். பின்னால் இருந்து ஒரு குரல்: "அண்ணே, இப்ப லாயரு மாரி இருக்கீங்க!" அவரும் சிரித்தார். "டீச்சர் விடமாட்டாங்க போல," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளிச்சம் பத்தவில்லை என்றார்; விளக்கைப் போட்டேன். தொண்டையைச் செருமினார், ஃபிளாஸ்கைத் திறந்தேன். மண்டபம் வயிறு குலுங்கச் சிரித்தது. கந்தையா மாமா என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை, போதும். விடு," என்றார். நேரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நிரல்படி இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்று கடிகாரத்தைக் காட்டினேன்.

சாக்குச் சொல்ல அவருக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை. எல்லா வழியையும் நான் அடைத்திருந்தேன்.

புத்தகத்தை விரித்துப் பிடித்தார். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவர் முழங்கைக்குக் கீழே நின்ற தேவகி, உதடு அசைவது தெரியாமல் மெல்லச் சொன்னாள். அவர் அதைக் கேட்டு மைக்கில் சொன்னார்.

"ஒரு ஆத்தங்கரையில..."

மறுபடி அவள் முணுமுணுத்தாள்.

"ஒரு ஆமை இருந்துச்சு..."

நான் பார்த்துவிட்டேன். சோதனை நேரத்தில் பக்கத்துப் பிள்ளை சொல்லிக்கொடுத்தால் பிரித்து உட்காரவைப்பது எங்கள் விதி. "தேவகி, உதவி செய்யக் கூடாதும்மா. அப்பாவே படிக்கட்டும்," என்று சொல்லி, அவள் தோளைப் பிடித்து மூன்றடி தள்ளி நிறுத்தினேன். அங்கே அவள் நிற்பதற்காக நானே சாக்குக்கட்டியால் குறி போட்டிருந்தேன்.

நாட்குறிப்பில் எத்தனையோ விஷயங்களுக்காக வருந்தி எழுதியிருக்கிறேன். அந்த மூன்றடிக்கு மட்டும் எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடித்து, தாம்பாளத்தில் அப்பாவின் கண்ணாடி எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர்."

மைக் நன்றாக வேலை செய்தது. இரண்டுமுறை சோதித்திருந்தேன்.

"நான் கேக்க மட்டும்தான் செய்வேன். அட்டையில கேட்டீங்களான்னுதான் போட்டிருக்குன்னு பாப்பா சொல்லிச்சு. வேல முடிஞ்சு வந்து தினமும் கேட்டேன். ஒருநாளும் பொய்யா சைன் போடல டீச்சர்."

என்னிடம் அவர் குற்றவாளிபோல விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அகராதியை மேஜையின் ஓரத்தில் வைத்தார். அட்டையில் நான் கேட்டிருந்ததும் அவ்வளவுதான், அவர் செய்ததும் அதுவேதான். ஒரு பிள்ளை தினமும் சத்தமாக வாசித்து, ஒருவர் காது கொடுத்துக் கேட்டால், கேட்பவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாவிட்டாலும் அந்தப் பிள்ளை படித்துவிடும். நாங்கள் இரண்டு வருடமாகத் தேடிய சான்று அந்த மேடையில் வெள்ளைச் சட்டை போட்டு நின்றது. அதைப் பார்த்து மண்டபமே சிரிக்கும்படி செய்தது நான்தான்.

தேவகியின் முறை வந்தது. சாக்குக்கட்டிக் குறியில் நின்றபடி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பிஸ்கட் நீட்டினேன். (ஆம், நீட்டினேன். பட்டியலில் இருந்தது.) அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். வாசலில் அவர் சப்பாத்து மாட்ட நேரமாயிற்று; கயிறு கட்ட வரவில்லை. கமலாதான் போய்க் குனிந்து கட்டிவிட்டாள்.

தலைமையாசிரியர் தேநீரைக் குடித்துவிட்டு, "நல்ல முயற்சி. பார்ப்போம்," என்றார். அவர் பார்க்கவில்லை. அந்த வகுப்புகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தேவகி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அகராதியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அந்தப் புதுச் சப்பாத்து ஜோடியாக இருந்தது. தேவகியின் அம்மா கதவைப் பாதி திறந்து, "அவரு வேலைக்குப் போயிருக்காரு," என்றார். நான் சப்பாத்தைப் பார்க்காததுபோல நின்றேன்.

"தேவகி படிக்கிறாளா அக்கா?"

"படிக்குது. ஆனா சத்தமா படிக்க மாட்டேங்குது. மனசுக்குள்ளயே படிச்சுக்குது." பிறகு, "அவரு இன்னும் பக்கத்துல உக்காந்துதான் இருக்காரு," என்றார்.

மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஞாயிறு வரை கையெழுத்து இருந்தது, ஞாயிறும் சேர்த்து. மண்டபத்திலிருந்து திரும்பிப் போன பிறகும் அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார். கட்டத்தின் நட்டநடுவில், அதே உயரத்தில். திங்கட்கிழமையிலிருந்து காலி. மறு வருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்து அக்கரைக்கே போய்விட்டார்கள்.

பரிகாரமாக நான் புது அட்டை அச்சடித்தேன். அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: கேட்பவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டு வீட்டுக்கு வந்ததும் கமலா ஒன்றை எடுத்து வாசித்தாள்.

"அக்கா, இதை நீ ஆருக்கு எழுதியிருக்கிறாய்?"

எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது. அதன் பிறகு வீடு வீடாகப் போய் வாயால் சொன்னேன். சங்கம் இருந்தவரை, ஒரு வீடு விடாமல்.

இன்று எனக்கே கண்ணாடி வந்துவிட்டது. வீட்டில் பாடச் சொன்னாலோ பாத்திரம் கழுவச் சொன்னாலோ யாராவது சாக்குச் சொல்லி நழுவப் பார்த்தால், இன்னொருவர், "மூன்று ஜோடி இருக்கு, எது வேணும்?" என்பார். எல்லோரும் சிரிப்போம். புதிதாக வந்த மருமகன்களுக்குக் கமலா கதையைச் சொல்வாள். தாம்பாளம், பெயர்ச்சீட்டு, தலை சுற்றல், லாயர் எல்லாம் நடித்துக் காட்டுவாள். மூன்றாவது கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துப் போட்டுக்கொள்வது வரைதான் சொல்வாள்.

போன தீபாவளிக்கு என் மகள் கேட்டாள்: "அப்புறம் அந்த அங்கிள் படிச்சாரா சின்னம்மா?"

கமலா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, தேநீர் சூடாக்க உள்ளே போய்விட்டாள்.