பதினொரு வருடம் பறந்த மூன்று சாண் கப்பல்

ஒரு காட்டில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவையும் விலங்குகள், நடித்தவையும் விலங்குகள், பார்க்கப் போகிறவையும் விலங்குகள்தான். வேற்றுக் கிரகத்துக்குப் போகும் ஒரு விண்கப்பலின் கதை அது.

இயக்குநர் தாண்டவன் ஓர் இருவாச்சிப் பறவை. அதன் அலகின் மேல் பெரிய கொண்டை ஒன்று உண்டு. பார்ப்பதற்குக் கனமாக இருக்கும். உள்ளே பெரும்பாலும் காற்றுதான்.

கப்பலை வரைந்து, செய்து தரும் வேலை வடிவு என்ற தேவாங்கிடம் இருந்தது. தேவாங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: சிறிய உடம்பு, குச்சி போன்ற கைகால்கள், முகத்தில் பாதி கண். அடுத்த கிளையில் கை வைக்கும் முன் மூன்று தடவை யோசிக்கும். நுணுக்கமான வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி அந்தக் காட்டில் கிடையாது.

வடிவு முதலில் கப்பலை மரப்பட்டையில் வரைந்து காட்டியது. தாண்டவன் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கணும் வடிவு."

"எந்த மாதிரி சார்?"

"அது தெரிஞ்சா நானே வரைஞ்சிருப்பேனே!"

வடிவு மறுபடி வரைந்தது. மறுபடியும் வரைந்தது. நாற்பத்திரண்டாவது படத்தைப் பார்த்ததும் தாண்டவன் சிறகடித்துக் குதித்தது. "இதான்! இதை முதல்லயே வரைஞ்சிருந்தா இவ்வளவு நாள் வீணாகியிருக்குமா?"

முதலில் வரைந்ததும் அதேதான்.

"கப்பல் திரையில நல்லா வந்துட்டா உன் பேரைத் தனியாப் போடுறேன்" என்றது தாண்டவன். "விண்கப்பல் வடிவமைப்பு, வடிவு. திரை முழுக்க. வேற எதுவும் இருக்காது."

அதுவரை வடிவு ஒன்பது படங்களில் வேலை பார்த்திருந்தது. ஒன்பதிலும் அதன் பெயர் 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொற்களுக்குள்தான் இருந்தது. தனியாக ஒரு பெயர், திரை முழுக்க! அன்று வடிவு ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு யோசிக்காமலே தாவிவிட்டது.

கப்பலின் நீளம் மூன்று சாண். உடம்பு ஒரு மூங்கில் கணு. இயந்திரங்கள், உல்லாசப் பயணிகள் வீசிவிட்டுப் போன பேனா மூடிகள். சன்னல்கள், காலியான மாத்திரை அட்டை. வானொலிக் கம்பிக்கு முள்ளம்பன்றி ஒன்று தன் முள்ளைக் கொடுத்தது. உள்ளே விளக்கெரிக்க மின்மினிகள் இரண்டு ஷிப்டாக வந்தன.

படம் பிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குகைக்குள் கறுப்புத் துணி கட்டி, அதன்முன் கப்பலைக் கம்பியில் நிறுத்தினார்கள். கப்பல் அசையாது. கேமராவை ஒரு நத்தையின் முதுகில் கட்டி, அதைக் கப்பலைத் தாண்டி நடக்கவிட்டார்கள். கேமரா நகர்ந்தால், திரையில் கப்பல் பறப்பதுபோலத் தெரியும். ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுத்தாலும் நத்தை தன் பழைய தடத்தின் மேலேயே, மயிரிழை பிசகாமல், அதே வேகத்தில் நடந்தது. இந்த ஒழுங்கு வேறு எந்தப் பிராணிக்கும் வராது. சிறுத்தையைக் கேட்டார்கள், அதற்குப் பொறுமை இல்லை.

எடுத்த காட்சிகளைக் காட்டுக்குப் போட்டுக் காட்டினார்கள். பளபளவென்று கப்பல் வந்தது.

காடே சிரித்தது.

"சோப்பு டப்பா பறக்குதுடோய்!" என்று ஒரு குரங்கு கத்தியது.

"மூடியைத் திருகினா பற்பசை வரும் பாரு!" என்றது இன்னொன்று.

தாண்டவனின் கொண்டை தொங்கிப்போயிற்று. "கப்பலைக் காட்டவே வேண்டாம்" என்று அது முடிவெடுத்தது. "மந்தி ஒண்ணு மரத்து மேல நின்னு, 'அதோ கப்பல் வருது, அதோ கப்பல் போகுது'ன்னு கத்தட்டும். அது போதும்."

"சார், ரெண்டு வருஷ வேலை சார்."

"திரையில கப்பல் இல்லேன்னா டைட்டில்ல எதுக்கும்மா பேரு?"

வடிவு குகை வாசலில் கப்பலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. களிமண் சுமந்து வரும் பேச்சி என்ற காட்டுப்பன்றி அந்தப் பக்கமாக வந்தது.

"ஏன் வடிவு, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"எல்லாரும் சிரிச்சிட்டாங்க பேச்சியக்கா. எங்க தப்புன்னே தெரியல."

பேச்சி கப்பலை மோந்து பார்த்தது. "இது எத்தனை கிரகத்துக்குப் போயிட்டு வந்த கப்பல்?"

"கதைப்படி நூறு இருக்கும்."

"நூறு கிரகத்துக்குப் போன வண்டியில ஒரு பொட்டு சேறு இல்லையே! சின்னக் குளத்துக்குப் போயிட்டு வந்தாலே நான் எப்படி வாறேன்னு பாத்திருக்கியா?"

வடிவின் கண்கள் இன்னும் பெரிதாயின.

அன்று தொடங்கிப் பதினேழு நாள் இருவரும் சேர்ந்து கப்பலை அழுக்காக்கினார்கள். சும்மா சேற்றை அள்ளிப் பூசுவதற்கு வடிவு சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு கறைக்கும் காரணம் இருக்க வேண்டும் என்றது. இயந்திரத்தின் பின்னால் கரி. எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றி, அவசரத்தில் சிந்திய வழிசல். முன்பக்கத்தில் விண்கல் பட்ட தழும்புகள். கதவருகே, உள்ளே ஏறுகிறவர்கள் வழக்கமாகக் கை ஊன்றும் இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்திருந்தது.

"யாரு இதையெல்லாம் பாக்கப் போறா?" என்று பேச்சி கேட்டது.

"பாக்க மாட்டாங்க அக்கா. நம்புவாங்க."

மறுபடி படம் பிடித்துப் போட்டுக் காட்டினார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சோப்பு டப்பா என்று கத்திய அதே குரங்கு, "பாவம், எத்தனை பேரை ஏத்தி இறக்குச்சோ!" என்று கப்பலுக்காக வருத்தப்பட்டது. தாண்டவன் ஓடி வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல!" என்றது.

வெள்ளிக்கிழமை படம் வெளிவரும் என்று அறிவித்தார்கள். கப்பல் கிரகத்தில் இறங்கும் கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி.

திங்கட்கிழமை காலை வண்டிகள் பதிவு அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அவர் ஓர் உடும்பு, பெயர் ஏகாம்பரம். காட்டில் ஓடுகிற, மிதக்கிற, பறக்கிற எல்லா வண்டியும் அவருடைய ஏட்டில் இருக்க வேண்டும். காட்டுக்குப் போட்டுக் காட்டிய காட்சிகளை அவரும் பார்த்திருந்தார்.

கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கரியை நகத்தால் சுரண்டினார். "பதினொரு வருஷக் கரி. குறையாது. பதிவுச் சான்றிதழ் எங்கே?"

"சார், இது பொம்மை" என்றது வடிவு. "பறக்கவே பறக்காது."

"நானே பாத்தேனே, பறந்துச்சே!"

"கப்பல் நகரல சார். நத்தைதான் நகர்ந்துச்சு."

ஏகாம்பரம் நத்தையைப் பார்த்தார். நத்தை பணிவாக நின்றது. "ஆறு வருஷ சர்வீஸ்ல எத்தனையோ சாக்குக் கேட்டிருக்கேன்" என்றார் அவர். "நத்தை மேல பழி போட்டதை இப்பத்தான் கேக்கறேன். பத்து வருஷத்துக்கு மேல பதியாம ஓடின வண்டியை உடைச்சுப் போடணும். விதி. வெள்ளிக்கிழமை காலையில யானை வரும்."

கப்பல் அலுவலக முற்றத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் வடிவு அலுவலக வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் ஓர் ஆமை. அதன் ஓட்டை யாரோ வண்டி என்று பதிந்துவிட்டார்களாம். திருத்தச் சொல்லிப் பதினெட்டாவது தடவையாக வந்திருந்தது. "அவசரம்னா நீ முன்னாடி போம்மா" என்றது ஆமை. "எனக்கு இது பழகிப்போச்சு."

வடிவு இயக்குநரின் கடிதத்தை நீட்டியது. 'இந்தக் கப்பல் ஒரு பொம்மை என்று உறுதி கூறுகிறேன். தாண்டவன்.'

ஏகாம்பரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து எழுதின மாதிரி இருக்கே?"

"நேத்துதான் எழுதினோம் சார்."

"அதான் சந்தேகமா இருக்கு. ஒரு மடிப்புக்கூட இல்லை."

வடிவு நாற்பத்திரண்டு படங்களையும் மேசையில் பரப்பியது. "இதெல்லாம் நான் வரைஞ்சது. இதைப் பாத்துத்தான் செஞ்சேன்."

"அப்ப ரொம்ப நாளாத் திட்டம் போட்டுச் செஞ்ச குற்றம்!" ஏகாம்பரம் பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இரங்கினார். "சரிம்மா. பொம்மைன்னு சொல்றே. உண்மையான கரி கழுவினாப் போகாது, பூசின கரி போயிரும். முற்றத்துல தொட்டி இருக்கு. கழுவிக் காட்டு, நம்பறேன். கையோட எடுத்துட்டுப் போ."

வடிவு முற்றத்துக்குப் போனது. சிரட்டையில் தண்ணீர் எடுத்து, கப்பலின்மேல் கையைத் தூக்கியது. ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றினால் கப்பல் பிழைத்துவிடும். ஆனால் பிழைப்பது சோப்பு டப்பா. பதினேழு நாள் வேலையை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பச் செய்ய முடியாது. கழுவாவிட்டால் யானையின் கால்.

தூக்கிய கையைக் கீழே இறக்கியது. பிறகு அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தது.

நடந்ததைக் கேட்டுப் பேச்சி விழுந்து விழுந்து சிரித்தது. "கூறுகெட்டவளே, புதுக் கப்பலைக் காட்டினப்ப நம்ப மாட்டேன்னாங்க. அழுக்காக்கினோம், நம்பினாங்க. இப்பப் புதுக் காகிதத்தைக் காட்டியிருக்கே. அவரு எப்படி நம்புவாரு?"

வடிவு மூன்று தடவை யோசித்தது. பிறகு தூரிகையை எடுத்தது.

இரண்டு நாளில் பதினொரு வருடப் பதிவுச் சான்றிதழ் தயாரானது. கப்பலுக்குப் பார்த்ததைவிடக் கவனமாக அதைச் செய்தது வடிவு. நாலாக மடித்த இடங்களில் எழுத்து அழிந்திருந்தது. ஒரு மூலையைக் கரையானிடம் கொடுத்து அரித்து வாங்கியது. முத்திரை பாதி காகிதத்தில் விழுந்தது. மீதிப் பாதி வேறு எந்தக் காகிதத்திலோ விழுந்திருக்க வேண்டும். நடுவில், அலுவலகத்து டீ கிளாஸை வைத்து எடுத்த வட்டக் கறை. கையெழுத்தை யாராலும் படிக்க முடியாது.

உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வடிவு தயங்கியது. அதற்கு வயது ஏழுதான். பதினொரு வருடத்துக்கு முன் கப்பல் வாங்கியிருக்க முடியாது.

"என் பேரை எழுது" என்றது பேச்சி. "எனக்குப் பதிமூணு ஆகுது."

வியாழக்கிழமை மாலை இருவரும் ஏகாம்பரத்தின் முன் நின்றார்கள். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மோந்து பார்த்தார். மடிப்பை நகத்தால் தடவினார். பிறகு தேதியில் கண் நின்றது.

"இந்த அலுவலகம் திறந்து ஆறு வருஷம்தான் ஆகுது" என்றார். "பதினொரு வருஷத்துக்கு முந்தி இங்கே எப்படிப் பதிஞ்சீங்க?"

வடிவுக்கு வால் கிடையாது, இருந்திருந்தால் சுருண்டிருக்கும்.

ஏகாம்பரம் டீக்கறையின்மேல் தன் கிளாஸை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

"நம்ம கிளாஸ்தான்" என்று முணுமுணுத்தார். "முத்திரையும் நம்ம மாதிரியே பாதிதான் விழுந்திருக்கு. கையெழுத்தும் யாருக்கும் புரியல. இது போலியா இருக்க வாய்ப்பே இல்லை." விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா அலுவலகம் பதினொரு வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். அப்படின்னா எனக்கு அஞ்சு வருஷ சீனியாரிட்டி கூடுது!"

எழுந்துபோய் வாசல் பலகையில் இருந்த ஆண்டைத் தானே திருத்திவிட்டு வந்தார். "கப்பலை எடுத்துட்டுப் போங்கம்மா. இவ்வளவு ஒழுங்கா ஆவணம் வச்சிருக்கீங்க, முதல்லயே காட்டியிருக்கலாமே?"

வடிவு கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டது. வாசலைத் தாண்டும்போது ஏகாம்பரம் கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம். படத்துல யாரோ கப்பலை வடிவமைச்சதாப் பேரு போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நான்தான் சார்."

"உனக்கு வயசு?"

"ஏழு."

"கப்பலுக்குப் பதினொண்ணு." அவர் அன்பாகவே சொன்னார். "அரசாங்க ஆவணத்துக்கு விரோதமா டைட்டில் போட்டா படத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நாப்பத்திரெண்டு படம்? கப்பலைப் பாத்துத்தானே வரைஞ்சே? நல்லா வரைஞ்சிருக்கேம்மா. விடாம வரை."

கடைசிக் காட்சியை அன்றைக்கே எடுத்து முடித்தார்கள். வெள்ளிக்கிழமை படம் வெளிவந்தது. காடு முழுக்க வந்து உட்கார்ந்தது. டைட்டிலில் ஓர் இடத்தில், திரை முழுக்க, வேறு எதுவும் இல்லாமல், இப்படி ஒரு வரி வந்தது: 'தமது விண்கப்பலைப் படப்பிடிப்புக்குத் தந்து உதவிய பேச்சி அவர்களுக்கு நன்றி.'

"அய்யோ, நான் இதைக் கேக்கலடி" என்று பேச்சி இருக்கையில் நெளிந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மான், "அடுத்த தடவை எப்பக்கா போறீங்க? எனக்கு ஒரு சீட்டு" என்று கேட்டுவிட்டது. கப்பல் கிரகத்தில் இறங்கியபோது காடே எழுந்து நின்று கைதட்டியது. யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் வடிவும் தாராளமாகத் தட்டியது.

ஞாயிற்றுக்கிழமை இதழில் ஆந்தை விமர்சனம் எழுதியது. 'நடிப்பு போலி, கதை போலி, இயக்குநரின் கொண்டைகூடப் போலி. ஆனால் நிஜக் கப்பலையே கொண்டுவந்து நிறுத்தியதால் படம் தப்பித்தது. வடிவமைப்பாளர் என்று யாரையும் வைத்துக்கொள்ளாதது நல்ல முடிவு.'

வடிவு அந்தப் பத்தியைக் கத்தரித்து, தான் வேலை செய்யும் இடத்தில், முதல் படத்துக்கும் நாற்பத்திரண்டாவது படத்துக்கும் நடுவில் ஒட்டி வைத்தது. பத்துப் படங்களுக்கு வேலை பார்த்ததில் அதற்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நீதி: அரைகுறையாகச் செய்தால் திட்டுவதற்காவது நம் பெயரைத் தேடுவார்கள், முழுசாகச் செய்துவிட்டால் அதைச் செய்ய ஆளே தேவைப்படவில்லை என்பார்கள். ஆகவே குழந்தைகளே, எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கப்பலில் ஓர் ஓரத்தை மட்டும் கழுவி வையுங்கள்.