பச்சைக்கொடி துரைக்கு இரண்டு தாத்தா

சித்தூர் ஜில்லா ஆந்திராவுக்கா, தமிழ்நாட்டுக்கா என்று ஊரே கட்சி கட்டி நின்ற காலத்தில், தன் தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதைத் தவிர உலகத்தில் வேறு பிரச்சினையே கிடையாது என்று நம்பிய ஒரே மனிதர் பச்சைக்கொடி துரைதான்.

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாசஞ்சருக்கு அவர் கார்டு. நான் சித்தூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க். துரை சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ஆறடி உயரம், மாமரத்துக் கட்டை போல நிறம், கண் மட்டும் பூனைக்கண். பச்சைக் கொடியைக் காட்டும்போது பாதி உடம்பு பிரேக் வேனுக்கு வெளியே தொங்கும். அவர் தாத்தா வந்த அயர்லாந்தின் நிறம் பச்சையாம். சிவப்புக் கொடியை, வேண்டாத சம்பந்திக்கு இலை போடுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் காட்டுவார்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "உங்க தாத்தாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்பார். அன்றிலிருந்து அந்த ஊர்தான் அந்த ஆளுக்குப் பெயர். ஸ்டேஷன் மாஸ்டர் கும்பகோணம். தண்ணீர் ஊற்றுகிற அம்மாள் புத்தலப்பட்டு. நான் புத்தூர். ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெரிய அதிகாரியையே "வாங்க பாலக்காடு" என்று வரவேற்றுவிட்டார். கும்பகோணத்துக்கு வியர்த்துவிட்டது.

சிரிப்பாகத்தான் இருந்தது, அவர் வீட்டுக்குப் போகும்வரை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பெரிய சாப்பாட்டு மேஜை. ஒரே ஒரு தட்டு. மனைவியும் இரண்டு பெண்களும் மனைவி வழிக் காகிதங்களைக் காட்டி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். இவர் போகவேண்டுமென்றால், இவருடைய தாத்தா அந்தச் சீமையில் பிறந்தவர் என்று ருசு காட்ட வேண்டும்.

பட்டாளத்துச் சிப்பாயாக வந்த டேனியல் சலிவன் என்கிற அந்தத் தாத்தாவோ, அப்போது இங்கிலாந்து ஆட்சியில் இருந்த அயர்லாந்தில், அரசாங்கம் பிறப்பைப் பதிய ஆரம்பிக்கும் முன்பே பிறந்து தொலைத்தவர். மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவுதான் கதி. துரை லீவு போட்டு ஒவ்வொரு கோயிலாக ஏறி இறங்கினார். அப்பாவின் ஞானஸ்நானம் கிடைத்தது. சலிவன் என்றே இருந்தது. துரையின் சர்வீஸ் புத்தகத்தில்தான் கோளாறு. அவரை வேலைக்குச் சேர்த்த குமாஸ்தா காதில் விழுந்தபடி 'செல்வன்' என்று எழுதிவிட்டார். சலிவனுக்கு எப்படிச் செல்வன் பிறந்தான் என்று மதராஸ் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்டார்கள். அதற்கு ஒரு மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார்.

அப்புறம் அயர்லாந்திலிருந்து ஒரு பங்குச்சாமியாரின் கடிதம் வந்தது. "இந்தப் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு சலிவன் மேல்தான் விழும்" என்று ஆரம்பித்திருந்தார். ஒரே வருடத்தில், ஒரே கோயிலில், இரண்டு டேனியல் சலிவன்கள். இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஜான். அம்மா மட்டும் வேறு. ஒருத்தி பிரிஜிட், இன்னொருத்தி ஹொனோரா. இதில் உங்கள் தாத்தா எவர் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"எல்லாருக்கும் ஒரு தாத்தா கெடைக்கறதே கஷ்டம் புத்தூரு. எனக்குப் பாரு, ரெண்டு" என்று சிரித்தார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட் ஆபீஸும் அதையேதான் கேட்டது: தாத்தாவின் தாய் பெயரைச் சொல்லு, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. கெடு வைத்துவிட்டார்கள். தெரிந்திருக்கக்கூடிய ஒரே உயிர் துரையின் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். தாயில்லாத துரையை வளர்த்தவள். திருப்பதியில் மாதா கோயிலுக்குப் பின்னால் தனியாக இருந்தாள். எப்போது கேட்டாலும், "அதெல்லாம் மறந்து பூட்சிடா" என்பாள்.

அந்த அத்தைக்கு, சாகப்போகிறவர்களுக்குப் பங்குச்சாமி எண்ணெய் பூசும் அவஸ்தை பூசியாகிவிட்டது என்று ஒரு நாள் தந்தி வந்தது. கெடுவுக்கும் நாள் இல்லை. "நீயும் வா புத்தூரு. ஒண்டியா போனா எனக்குப் பேச்சு வராது" என்றார். அவருக்குப் பேச்சு வராமல் போகும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பிரேக் வேனில் ஏறிக்கொண்டேன். பாகாலா தாண்டும்வரை அவர் யாரிடமும் ஊர் கேட்கவில்லை.

சந்திரகிரியில் ரயில் நின்றது. நின்றது, நின்றபடியே இருந்தது. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இருக்கும் தமிழை அழிக்க ஒரு கூட்டம் தார் டின்னோடு வந்திருந்தது. அழிக்க விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம் எதிரே நின்றது. நடுவில் எங்கள் ரயில். இரண்டு பக்கத்துக் கைகளிலும் ஜல்லிக்கல்.

துரை இறங்கி நடந்தார். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன். தார் டின்னைப் பிடித்திருந்த நெட்டை ஆள் குறுக்கே வந்தான்.

"எவரண்டி மீரு? தெலுங்கா, அரவமா?" தமிழை அவர்கள் அரவம் என்பார்கள்.

"கார்டு. வழி விடுப்பா."

"பேரு செப்பண்டி."

"சலிவன்."

"செல்வனா?"

"செல்வன்டா, நம்ம ஆளு" என்றது எதிர்க்கூட்டத்தில் ஒரு குரல். அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக் கைகள் மேலே போயின. அதைப் பார்த்து அந்தப் பக்கத்துக் கைகளும் போயின. முதல் கல் என் மேல்தான் விழும் என்று உறுதியாகத் தெரிந்தது. துரைக்குப் பின்னால் ஒளிவதற்கும் இடமில்லை, பின்னாலும் கூட்டம்.

துரை தொப்பியைக் கழற்றினார். பொறுமையாக, தமிழில் ஒரு வாக்கியம், தெலுங்கில் ஒரு வாக்கியமாகச் சொன்னார்.

"இன்னா ஊரு, இன்னா பாஷைன்னு என்னப் போயி கேக்கறீங்களே. எங்க தாத்தா எந்தத் தாய்க்குப் பொறந்தாருன்னே எனக்குத் தெர்ல. ரெண்டு தாத்தா வந்து நிக்கறாங்க. எது என்னுதுன்னு கேக்கத்தான் போய்க்கினு இருக்கறேன். சொல்ல வேண்டியவ திருப்பதியில சாவக் கெடக்கறா. அடிக்கறதா இருந்தா வரும்போது அடிங்க."

கைகள் இறங்கவில்லை. ஆனால் மேலேயும் போகவில்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு தாத்தா என்றால் யாருக்குத்தான் கேட்காமல் இருக்க முடியும்?

"ரெண்டு தாத்தாவா? எட்லா?" என்றான் நெட்டை ஆள்.

துரை விளக்கினார். ஜான் யார், டேனியல் யார், அத்தை யார் என்று இரண்டு பாஷையிலும் பரம்பரை விரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டுப் பாகப்பிரிவினையைக் கேட்பது போல எல்லோரும் நெருங்கி நின்று கேட்டார்கள்.

"உங்க அத்தைக்கு இன்னா பேரு?" என்று கேட்டான் நெட்டை ஆள். தமிழும் அவனுக்கு நன்றாகவே வந்தது.

"ஓனம்மா."

"அது இன்னா பேரு?"

"யாருக்குத் தெரியும். நான் பொறந்ததுலேர்ந்து ஓனம்மாதான்."

"எங்க வூட்ல மொதல் பொண்ணுக்கு நாயனம்மா பேருதான் வைப்போம். உங்க அத்தைக்கு யாரு பேரு வெச்சாங்க?"

எதிர்க்கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "எங்களுக்குந்தான். அப்பனப் பெத்தவ பேருதான்" என்றார். அன்றைக்கு இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

துரை என் பக்கம் திரும்பினார். "ஹொனோரா" என்றார் மெதுவாக. "ஓனா. ஓனம்மா. புத்தூரு, அவங்க சீமையிலயும் இப்படித்தான் பேரு வெப்பாங்களா?"

எனக்கென்ன தெரியும்? தலையை ஆட்டினேன்.

நெட்டை ஆள் தண்டவாளத்துக்கு நடந்து போய், "லேவண்டி, லேவண்டி. பெரிய மனுஷி உயிரு போவுது. பண்டிய உடுங்க" என்று தன் ஆட்களை எழுப்பினான். அவர்கள் எழுந்தார்கள். ரயில் புறப்படும்போது இரண்டு கூட்டமும் மறுபடி பெயர்ப் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்றோ, நாங்கள் பார்க்கவில்லை.

திருப்பதியில் அத்தை சுவரோரமாகக் கண்ணை மூடிக் கிடந்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். துரை மண்டி போட்டு அவள் காதருகே குனிந்தார்.

"அத்த. உன் பேரு ஹொனோராதானே? எங்க தாத்தாவப் பெத்தவ பேரு."

விசிறி நின்றது. அத்தை கண்ணைத் திறந்தாள். அதே பூனைக்கண்.

"யார்ரா சொன்னது?"

"சந்திரகிரியில ஒருத்தன். தார் டின்னு வெச்சிக்கினு இருந்தான்."

அத்தை விசிறியைக் கையால் ஒதுக்கினாள். "மறக்கல நைனா. நீ கேட்டப்பல்லாம் நெனப்பு இருந்திச்சு. சொன்னா நீயும் கப்பல் ஏறிடுவ. அப்பறம் எனக்கு யாரு இருக்கறாங்க?"

துரைக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது சரிதான். நான் தண்ணீர் எடுப்பது போல வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பங்குச்சாமியக் கூப்புடு. எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது எந்தக் கோயிலு, யாரு பேர எனக்கு வெச்சாங்க, எல்லாம் சொல்றேன். எழுதிக்கட்டும். நானே கையெழுத்துப் போடறேன். புள்ளைங்க அங்க ஒண்டியா கெடக்குது, நீ இங்க இன்னா பண்ற?"

சாமியார் வந்து எழுதினார். அத்தை இங்கிலீஷில், ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரைப் போட்டாள்.

காகிதம் கெடுவுக்குள் மதராஸ் போய்ச் சேர்ந்தது. பாஸ்போர்ட்டும் வந்தது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அவஸ்தை பூசிய கிழவி மறுநாள் எழுந்து உட்கார்ந்து மிளகு ரசம் கேட்டாள். உண்மையைச் சொன்ன தெம்போ என்னவோ, நன்றாகத் தேறிவிட்டாள். துரை திருப்பதிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு, அதே பாசஞ்சரில் வந்துபோய்க்கொண்டிருந்தார். மனைவியிடமிருந்து வந்த கடிதங்களில் கவரைத் தொட்டாலே சுடும். "அத்த ஒரு நாளைக்கு மூணு வேள துன்னுது, நான் எப்பிடிப் போறது?" என்பார் என்னிடம். ஓனம்மாவை அடக்கம் செய்து, கல்லறையில் ஹொனோரா என்று வெட்டி, அதற்குப் பிறகுதான் அவர் கப்பல் ஏறினார்.

போகும்போது சித்தூரில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரேன் புத்தூரு" என்றார்.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் பாசஞ்சர் வந்து நின்றது. நான் கவுண்டரை விட்டு எழுந்து, பழைய பழக்கத்தில் கடைசிப் பெட்டிவரை நடந்துவிட்டேன். புது கார்டு, நல்ல மனிதர்தான், "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.