முழங்கால் சாத்தான்

அந்தக் குளிர்காலத்தில் ஸ்லிவோவ் தோல் என்ற மலையூரில் யாருக்கும் தலைவலி இல்லை, பல்வலி இல்லை, வயிற்றுக்கடுப்புகூட இல்லை. ஊருக்கே ஒரே வியாதிதான். முழங்காலில் சாத்தான்.

வியாதி வந்த கையோடு வைத்தியரும் வந்து சேர்ந்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்! சரியாகச் சொல்லப்போனால் வைத்தியர் செவ்வாய்க்கிழமை வந்தார், வியாதி புதன்கிழமைதான் வந்தது. இந்தச் சின்ன வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை. பக்தியில் இருக்கிறவர்களுக்குக் கிழமை முக்கியமா?

அவர் பெயர் ஆசான் வார்தோ. கறுப்பு அங்கி, கரடித்தோல் தொப்பி, வெல்வெட் பெட்டியில் ஒரு பித்தளைச் சுத்தியல். துறவிகள் வாழும் அதோஸ் மலைக் குகையில் பல வருடம் தவம் இருந்தாராம். தவம் இருந்தவருக்கு அவ்வளவு பெரிய தொப்பை எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. குகைக்குள் காற்று நல்ல சத்தான காற்று போலிருக்கிறது.

ஊர்ச் சாராயக்கடையில்தான் வைத்தியம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூடக் கழுதை வண்டிகளில் சனம் வந்து இறங்கியது. பனியில் கால் விறைத்துப்போய் நின்றார்கள். உள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு திராட்சைமது பீப்பாய். நோயாளி அதன் மேல் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். ஆசான் முழங்கால் சில்லுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு தட்டு தட்டுவார். கால் விசுக்கென்று முன்னால் உதைக்கும்.

"நீ உதைச்சியா?" என்பார் ஆசான்.

"இல்லைங்க ஆசானே! சத்தியமா நான் உதைக்கல!"

"அப்போ உதைச்சது யாரு?"

கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். பெண்கள் தலைத்துணி நுனியைக் கடிப்பார்கள். யார் என்று சொல்லவும் வேண்டுமா?

பிறகு புகை, மந்திரம், காணிக்கை. காணிக்கை வண்டியில் ஏறியதும் நோயாளியைத் தரையில் நிறுத்தி, "பாதத்தை நல்லா ஊன்று! முழங்காலை விறைப்பா வை! சாமியை நினை!" என்று சொல்லி மறுபடி 'டொக்'. கால் அசையாது. சாத்தான் போய்விட்டான்! ஊர்த்தலைவர் இப்படித்தான் கிறிஸ்துமஸ் பன்றியைக் கொடுத்துக் குணமானார். தரையில் ஊன்றி நிற்கிற கால் எப்படி ஐயா உதைக்கும் என்று அவருடைய பன்றிக்குக்கூடத் தோன்றியிருக்கும். அவருக்குத் தோன்றவில்லை.

பாதிரியார் மினா மட்டும் முதலில் முறைத்தார். சாத்தான் விஷயம் தன்னுடைய இலாகா என்பது அவர் எண்ணம். ஆசான் ஒரு வான்கோழி அனுப்பி வைத்தார். அதற்குப் பிறகு பாதிரியார் முறைக்கவில்லை.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு தசைநார் இருக்கிறது. அதைத் தட்டினால் தொடைத்தசை சற்று இழுபடும். இழுபட்ட சேதி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குள் இருக்கிற தண்டுவடத்துக்கு ஓடும். தண்டுவடம் நல்ல சுறுசுறுப்பான ஆள். மேலே தலைக்குள் இருக்கிற பெரிய துரையிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருக்காது. "நீட்டு காலை!" என்று அங்கேயே ஒரு ஆணை போட்டு, இன்னொரு நரம்பு வழியாகத் திருப்பி அனுப்பிவிடும். கால் உதைத்து முடித்த பிறகுதான் மூளைத்துரைக்கு விவரமே தெரியும். சூடான வாணலியில் கை பட்டால் 'ஆ' என்று கத்துவதற்கு முன்பே கை திரும்பி வந்துவிடுகிறதே, அதுவும் இந்தத் தண்டுவடத்தின் வேலைதான். மூளையைக் கேட்டுக்கொண்டிருந்தால் விரல் வறுவலாகியிருக்கும்.

ஆனால் ஸ்லிவோவ் தோலில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நேதாவுக்கும் தெரியாது.

நேதா, சாராயம் காய்ச்சும் ஸ்தான்கோவின் மகள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் காது மடல்வரை சிவந்துபோகிற பெண். அறுவடை முடிந்ததும் அதே ஊர்ப் பையன் தோப்ரிக்கும் அவளுக்கும் நிச்சயமாகியிருந்தது. புத்தாண்டுக்கு அடுத்து வரும் ஞானஸ்நானத் திருநாள் கழிந்ததும் கல்யாணம். தோப்ரியின் அம்மா ரூஸா ஒரு நாள் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வர்ற மருமக சாத்தான் இல்லாம வரணும். வா புள்ள, பீப்பாய் மேல ஏறு."

"அத்தே, வேணாமே..."

"ஏன், உள்ள ஒளிச்சு வெச்சிருக்கியா?"

ஊரே பார்க்க நேதா ஏறினாள். ரூஸா பக்கத்தில் நெருங்கி நின்று குனிந்து பார்த்தாள். 'டொக்.' நேதாவின் கால் பாய்ந்துபோய் வருங்கால மாமியாரின் வயிற்றில் இறங்கியது.

"ஐயோ, கொன்னுட்டாளே!"

தோப்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல நடித்தான். ஆசான் கண்ணை மூடிக்கொண்டார். "இது சாதாரண சாத்தான் இல்ல. மாமியாரை உதைக்கிற ரகம். செம்புக்குத்தான் கட்டுப்படும். பெரிய செம்பு." கண்ணைத் திறந்து ஸ்தான்கோவைப் பார்த்தார். "உங்க வீட்டுல சாராயம் காய்ச்சுற செப்புக் கொப்பரை இருக்குல்ல?"

அந்தக் கொப்பரைதான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கே காரணம். பள்ளத்தாக்கின் பிளம்பழமெல்லாம் அதில் வெந்துதான் சாராயமாகும். அது போனால் ஸ்தான்கோ வேறு யாரிடமாவது போய் விறகு பிளக்க வேண்டியதுதான். கொடுக்காவிட்டால் கல்யாணம் இல்லை, அந்தப் பள்ளத்தாக்கில் வேறெவனும் அவளைக் கட்டவும் மாட்டான். புத்தாண்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்தான்கோ தலையை இடமும் வலமும் ஆட்டினார். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் சம்மதம் என்று பொருள்.

வீட்டுக்கு வந்த நேதா மேசை விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். தனக்குள் யாரோ குடியிருக்கிறான் என்று நினைத்து முழங்காலைத் துணியால் தேய் தேய் என்று தேய்த்தாள். கடைசியில் கோபம் வந்தது. மரக்கரண்டியை எடுத்தாள். எங்கே இருக்கிறான் பார்ப்போம்! 'டொக்.' உதைத்தது. அடுத்த கால். அதுவும் உதைத்தது. ரெண்டு சாத்தானா, ஒருத்தனே காலுக்குக் கால் தாவுகிறானா?

உயரப் பலகையில் காலைத் தொங்கப்போட்டபடி அப்பா தூங்கி வழிந்துகொண்டிருந்தார். கையில் தயிர்க்கிண்ணம். நேதா மெதுவாகப் போய் ஒரு தட்டு தட்டினாள். தயிர் பூனைமேல் போய் விழுந்தது.

"அய்யய்யோ, எனக்குமா!" என்று அலறினார் ஸ்தான்கோ. "வெளிய சொல்லாதடி! இன்னொரு கொப்பரை கேப்பான்!"

"அப்பா, உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அப்போ யாருக்கு இல்ல?"

"அதெல்லாம் பெரியவங்க விஷயம். போய்ப் படு."

நேதா படுத்தாள். ஆனால் தூங்கவில்லை. ஆசான் எல்லார் காலையும் தட்டுகிறார். ஆசான் காலை யார் தட்டினார்கள்? கேட்க வேண்டும். ஆனால் ஊரைக் கூட்டிவைத்துக் கேட்க அவளுக்கு நாக்கு வராது. நல்லவேளை, புத்தாண்டில் நாக்கு தேவையில்லை.

அந்தப் பக்கத்தில் புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். சோளப்பொரியும் கம்பளி நூலும் காய்ந்த மிளகாயும் கட்டிய குச்சியால் பெரியவர்கள் முதுகில் தட்டி வாழ்த்துச் சொல்வார்கள். தட்டவிடாமல் தடுத்தால் அந்த வருடம் உருப்படாது. விருந்தாளியானாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். விடியும் முன்பே நேதா பிள்ளைகளைத் தொழுவத்தில் கூட்டி, வால்நட்டும் தேன்ரொட்டியும் கொடுத்து, "இந்த வருஷம் முதுகு வேணாம்" என்றாள்.

பூசை முடிந்து ஊரே சாராயக்கடையில் நிறைந்திருந்தது. உயரமான பலகைகளில் வரிசையாகத் தொங்கும் கால்கள். நடுவில் பீப்பாய்மேல், ராஜா மாதிரி, ஆசான் வார்தோ. வாசலில் கொப்பரைக்காக வண்டி காத்திருந்தது.

பிள்ளைகள் கூச்சலோடு புகுந்தார்கள். 'டொக்!' ஊர்த்தலைவரின் பூட்ஸ் மேசையைத் தூக்கியது. குணமான கால் அது, ஞாபகம் இருக்கிறதா? 'டொக்!' பாதிரியார் மினாவின் அங்கிக்குள்ளிருந்து ஒரு கால் பாய்ந்து பாலாடைக்கட்டி அடையை உத்தரத்துக்கு அனுப்பியது. 'டொக்!' தோப்ரியின் செருப்பு பறந்துபோய் அவன் அம்மா மடியில் உட்கார்ந்தது. 'டொக்!' அம்மாவே செருப்பைத் திருப்பி உதைத்தாள்.

"சாமி, உங்களுக்குள்ளயுமா?" என்றாள் ரூஸா வாயைப் பிளந்து.

"சீச்சீ! எனக்குக் குளிரு!" என்றார் பாதிரியார்.

"முதுகுல தட்டுங்கடா! முதுகுல!" என்று ஆசான் காலை மேலே இழுத்தார். அதற்குள் 'டொக்'. அவருடைய கால் நீண்டு, கரடித்தோல் தொப்பி கழன்று ஊறுகாய்ச் சட்டிக்குள் விழுந்தது.

ஆசான் கெட்டிக்காரர். உடனே கண்ணை மூடினார். "பார்த்தீங்களா? உங்க எல்லார் சாத்தானையும் நானே வாங்கிக்கிட்டேன்!"

"அடடா! என்ன தியாகம்!" என்று ஊர்த்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்புவதற்கு அவருக்கு இன்னும் ஒரு பன்றி மிச்சம் இருந்தது.

நேதாவின் காது சிவந்தது. கன்னமும் சிவந்தது. ஆனாலும் எழுந்தாள். "அப்போ இப்ப எங்ககிட்ட இல்லயே? பிள்ளைங்களா, இன்னொரு சுத்து தட்டுங்க."

மறுபடி 'டொக் டொக் டொக்'. மறுபடி எல்லாக் கால்களும் உதைத்தன. அடை மிச்சமில்லை.

"ஆசானே, கொஞ்சம் இறங்கித் தரையில பாதத்தை ஊன்றி நில்லுங்க" என்றாள் நேதா. தட்டினார்கள். அசையவில்லை. "பார்த்தீங்களா? காணிக்கை இல்லாமலே குணமாயிட்டார்."

முதலில் சிரித்தது தோப்ரி. இந்தத் தடவை இருமலாக மாற்றவில்லை. "நேதா மாதிரி நானும் உதைக்கிறேம்மா. நீயும் உதைக்கிற. என்ன, மூணு பேரும் ஒரே குடும்பந்தான்!"

ஊர்த்தலைவருக்குப் பன்றி ஞாபகம் வந்தது. ஆசானின் கழுத்துப்பட்டையைப் பிடித்தார். "எங்கடா கத்துக்கிட்ட?"

"விடுங்க, சொல்றேன்! பிளோவ்திவ் பட்டணத்துல ஒரு நரம்பு டாக்டர் வீட்டுல தரை துடைச்சேன். வர்றவங்க முழங்காலையெல்லாம் தட்டுவார்."

"உதைச்சா என்ன செய்வார்?"

ஆசான் ஊறுகாய்ச் சட்டியில் கிடந்த தொப்பியைப் பார்த்தார். "நரம்பு நல்லா வேலை செய்யுதுன்னு வீட்டுக்கு அனுப்பிடுவார். உதைக்காட்டித்தான் கவலைப்படுவார்."

ஊரே தன் ஆரோக்கியத்தைத்தான் காணிக்கை கொடுத்து விரட்டிக்கொண்டிருந்தது என்பது மெல்ல மெல்ல எல்லாருக்கும் உறைத்தது. அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். பன்றி, கம்பளம், செம்புக் குடம், எல்லாம் வண்டியிலிருந்து இறங்கின. ஆசான் வெறுந்தலையோடு பனியில் ஓடினார். அந்த ஓட்டத்துக்கு அவருடைய தண்டுவடம் எந்த உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை.

ரூஸா நேதாவின் பக்கத்தில் வந்து முனகினாள். "எனக்கு அப்பவே சந்தேகந்தான் புள்ள. கால் தானா உதைச்சுதே, அதான் பயந்துட்டேன்."

"கால் தானா உதைக்கட்டும் அத்தே, அதுக்கு மூளை தேவையில்ல" என்றாள் நேதா, காது சிவக்கச் சிவக்க. "அடுத்தவங்க வீட்டுக் கொப்பரையைத் தூக்கிக் குடுக்கச் சொல்றதுக்கு முன்னாடி மட்டும் மூளையை ஒரு வார்த்தை கேளுங்க. பாவம், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தலைக்குள்ள சும்மா உட்கார்ந்திருக்கும்?"