டென்ஷனைக் குறைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி மாணிக்கவேல் அவர்களுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து நமச்சிவாயம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கழுத்துக்குக் கீழே எல்லோரும் நலம். அங்கே முழுவதும் நலம் என்று நம்புகிறேன். போனைக் குறைக்கும்படி டாக்டரம்மா சொல்லியிருப்பதால் கடிதம் எழுதுகிறேன்; மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

என் மகள் அகிலாவின் முகூர்த்தப் புடவையை என் தறியிலேயே நெய்யச் சொன்னது தங்கள் பெருந்தன்மை. அரக்கு நிறம் என்றீர்கள், தறியில் பாவு நூலை ஏற்றினேன். மாம்பழ நிறம் என்றீர்கள், இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். பாதி நெய்தபின் கரையில் மயில் இல்லையே என்று வருத்தப்பட்டீர்கள். அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டினாற்போல் தினமும் வலிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இது டென்ஷன் தலைவலி. மாத்திரைய தெனம் போட்டா அதுவே வலியைக் கொண்டாந்துடும். நேரத்துக்கு சாப்பிடுங்க, தூங்குங்க, தண்ணி குடிங்க. முக்கியமா டென்ஷனைக் குறைங்க" என்றார். எங்கள் வீட்டில் டென்ஷன் என்றால் தறியில் இழுத்துக் கட்டிய பாவின் விறைப்பு. விறைப்பு அதிகமானால் நெய்யும்போது அடிக்கிற அடி தோளில் ஏறித் தலைக்குப் போகும், அதைத்தான் சொல்கிறார், ஒரு டாக்டருக்குத் தறி பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு வந்து, அன்றே பாவைத் தளர்த்திவிட்டேன். நான்கு நாள் நெய்ததில் கரை நெளிந்து, புடவை கொசுவலையாகிவிட்டது. என் மனைவி தையல்நாயகி வந்து பார்த்து, "இன்னாங்க, பாவு தொங்கிக்கினு இருக்குது? டாக்டரம்மா சொன்னது உங்க டென்ஷனைங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தலையில்தான்.

வலி வரும்போதெல்லாம் அதற்கு முன் நடந்ததை ஒரு நோட்டில் எழுதும்படியும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். பதினோரு முறை வந்தது. பதினோரு முறையும் "சம்பந்தி போன்" என்று எழுதியிருக்கிறேன். இது தற்செயல். நெளிந்ததைப் பிரித்து மறுபடி நெய்வதால், புடவை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்புதான் முடியும். பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். புடவையால் என் பெண்ணின் கல்யாணத்தில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

தங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் தூங்க ஏகாம்பரநாதர் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
நமச்சிவாயம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அகிலாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்துக் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிறகு நெற்றியின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டி, "அவரு புள்ளையும் தெனம் எனக்குப் போன் பண்ணி வேலைய வுடு, வேலைய வுடுன்றாரு. வெச்சதும் எனக்கும் இங்கதான்பா வலிக்குது" என்றாள்.

"கல்யாணம் வாணான்றியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாம்பா. நீ கேட்டியே, அது போதும்" என்று அழுதாள். நானும் அழுதேன்.

ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புடவை, தாமதம், மன்னிப்பு எல்லாவற்றையும் அடித்துவிடவும். தங்கள் மகன் ஆனந்தகுமார் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தோடு ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன். இதை எழுதும்போதே தங்கள் போன் வந்தது. எடுக்கவில்லை. வலியும் வரவில்லை.