சாரம் நூற்றைம்பது

நிவாரணத்தார் என்று ஓர் இனம் நம் நடுவே வாழ்ந்துவருகிறது. வருஷம் முழுவதும் இவர்களை அடையாளம் காண்பது கடினம். நம்மைப் போலவே பால் வாங்குவார்கள், பெட்ரோல் போடுவார்கள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மாநகராட்சியைத் திட்டுவார்கள். எங்காவது ஒரு புயல் கரையைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான், இவர்கள் வாசலைக் கடந்து தெருவுக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் முதல் வேலை, ஒரு வாட்ஸ்அப் குழு. இரண்டாவது வேலை, அந்தக் குழுவுக்கு ஒரு முகப்புப் படம். மூன்றாவது என்னவென்று கேட்கிறீர்களா? பேனர். புயலில் அடிபட்டவர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வரும். சில சமயம் வராமலும் போகும்.

இவ்வளவு துல்லியமாக எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் எங்கள் குழுவின் செயலாளர்.

எங்கள் குடியிருப்பு துடியலூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. நான் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற விற்பனை அதிகாரியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கும்: விற்க எதுவும் இல்லாவிட்டாலும் கூட்டம் போட ஆள் தேடுவான். இலங்கையில் புயலும் மழையும் சேர்ந்து மலைத் தோட்டங்களில் மண் சரிந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் நெஞ்சு உண்மையாகவே கனத்தது. பொய் சொல்லவில்லை. அது கனத்த அரை மணி நேரத்துக்குள் குழுவுக்குப் பெயரும் வைத்துவிட்டேன் என்பதும் பொய்யில்லை.

தலைவர் தம்பிதுரை. கட்டட ஒப்பந்ததாரர். நல்ல மனுஷன். கொடுக்கிற கை, ஆனால் கொடுக்கும்போது பக்கத்தில் கேமரா இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் பொருள் அனுப்புகிற ஒரு தொண்டு நிறுவனத்தை முதல் நாளே கூப்பிட்டுக் கேட்டோம். போனை எடுத்த பெண்மணி பொறுமையாகச் சொன்னார்: பழைய துணி வேண்டாம், முடிந்தால் பணமாகக் கொடுங்கள், இல்லையென்றால் முகாமில் கேட்டதை மட்டும் புதிதாக வாங்கிக் கொடுங்கள். தம்பிதுரை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பணத்தக் குடுத்தா போட்டோல என்னத்தங்க காட்டறது?"

நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

எந்த முகாமுக்கு அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படி பெருக்கிக்கொண்டிருந்த ராசம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். காரமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் குடியிருப்பைக் கூட்டித் துடைப்பவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்துவிட்டவர் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு வாசலைக் கூட்டுகிறார். அன்றுதான் தெரியும்.

"சார், எங்கக்கா மாரியாயி அங்கயே கல்யாணமாகி இருந்துபோட்டாளுங்க. வெள்ளிமட்டம் தோட்டம். மண்ணு சரிஞ்சுதுன்னு சொல்றாங்க. போன் போக மாட்டேங்குதுங்க. உசுரோட இருக்காளா இல்லயான்னே தெரியலைங்க சார்."

"அடடா," என்றேன். மனம் கரைந்துதான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளில் எழுதிக்கொண்டேன்: வெள்ளிமட்டம் தோட்டம். பேனருக்கு ஒரு ஊர்ப்பெயர் தேவைப்பட்டது.

என் மனைவி மோகனப்பிரியா சாயங்காலத்துக்குள் இணையத்தில் துழாவி, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் இப்போது முகாம் என்பதையும், அதைப் பார்த்துக்கொள்கிற பிரான்சிஸ் மாஸ்டரின் நம்பரையும் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் அவர் தேவைப் பட்டியலை ஒரு நோட்டுத்தாளில் எழுதி, படமெடுத்து அனுப்பினார். அதை வரவேற்பறையில் ஒட்டினோம். ராசம்மாள் அந்தத் தாளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கீழே இருந்த போன் நம்பரை மட்டும் விரலால் தொட்டார்.

"இந்த நம்பருக்கு ஒருக்கா கூப்பிட்டு, அக்கா அங்க இருக்காளான்னு கேட்டுச் சொல்றீங்களா சார்?"

"அவங்க நிவாரண வேலைல இருப்பாங்கம்மா. இப்பப் போய்த் தொந்தரவு பண்ணக்கூடாது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன்.

அன்று சாயங்காலமே பிரான்சிஸ் மாஸ்டரைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று கேட்பதற்கு. பேனரில் பிழை வந்தால் அசிங்கமாயிற்றே?

அதற்குப் பிறகு வசூல். எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மரியாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாராவது எதையாவது நீட்டினால் 'வேண்டாங்க' என்று சொல்ல நமக்கு வாய் வராது. மூன்றாவது மாடிக்காரர் மகன் ரிசப்ஷனுக்குத் தைத்த ஜரிகை ஷெர்வானியை நீட்டினார், "ரெண்டு மணி நேரந்தானுங்க போட்டான்" என்று. வாங்கிக்கொண்டோம். இன்னொருவர் அடுப்பிலிருந்து சூடான தட்டு எடுக்கிற சமையலறைக் கையுறை இருபது ஜோடி கொடுத்தார், திருப்பூர் எக்ஸ்போர்ட்டில் கழித்துப்போட்டது. வாங்கிக்கொண்டோம். போன வருஷமே காலாவதியான இருமல் மருந்து, ஒற்றைச் செருப்பு (இன்னொன்றைத் தேடித் தருவதாக வாக்குறுதி), இடியாப்பம்போல் சந்தகை பிழிகிற மரக்கட்டை. வெள்ளகோவிலிலிருந்து என் மாமனார் ஒரு மூட்டை முருங்கைக்காய் பஸ்ஸில் போட்டுவிட்டார். கப்பலில் ஒரு வாரம் போகுமே மாமா என்று கேட்டதற்கு, "முருங்கக்காய்ங்க மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்றார். மாமனாரிடம் 'வேண்டாங்க' என்று சொல்ல யாரால் முடியும்?

இனி பட்டியலுக்கு வருகிறேன். அதில் சவர்க்காரம் என்று ஒரு வார்த்தை இருந்தது. எல்லோரும் விழித்தார்கள். அது சோப்பு என்று நான்தான் சொன்னேன். நுளம்பு வலை என்றால் கொசுவலை என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன். குழுவில் பதினேழு பேர் கைதட்டல் படம் போட்டார்கள். அந்தக் கர்வத்தோடு அடுத்த வரிக்கு வந்தபோது, விளக்கமே தேவைப்படாத நல்ல தமிழ் வார்த்தை ஒன்று இருந்தது. 'சாரம் 150.'

"சாரங்களா?" தம்பிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஊடெல்லாம் இடிஞ்சு கெடக்குதுங்கல்ல? திரும்பக் கட்டறதுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டோணுமுங்கல்ல, அதக் கேக்கறாங்க. பாருங்க, எவ்வளவு வெவரமான சனம். சோறு கேக்கல, சாரம் கேக்கறாங்க."

அந்த வாக்கியம் எங்களையெல்லாம் உருக்கிவிட்டது. அதையே சிவப்பு எழுத்தில் குழுவின் முகப்பில் போட்டேன். அதற்கு அடுத்த வரி 'சேலை 150' என்று இருந்ததே, அது ஏன் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை? என் மனைவிக்குத் தோன்றியது. தம்பிதுரை அதற்கும் பதில் வைத்திருந்தார். "பொம்பளைங்களுக்குச் சேலை, ஆம்பளைங்களுக்கு வேலை. சரியாத்தானுங்க எழுதிருக்காரு."

வியாழக்கிழமை ராசம்மாள் மறுபடி கேட்டார். "சார், அந்த போனு..." நான் தூத்துக்குடிக்கு லாரி பேசிக்கொண்டிருந்தேன். கையால் 'அப்புறம்' என்று காட்டினேன். அன்று மதியம் பிரான்சிஸ் மாஸ்டரை இரண்டாவது முறை கூப்பிட்டேன். பொருள் வந்து சேர்ந்ததும் பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்றும், பேனரில் வலது மூலையில் தலைவர் படம் இருப்பதால் வலது பக்கம் யாரும் கையை வைத்து மறைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். "சரிங்க ஐயா" என்றார் அவர். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தமும் மழைச் சத்தமும் கேட்டன. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. தம்பிதுரையின் கட்டடத்திலிருந்து இறங்கிய சவுக்குக் கம்புகள் நூற்றைம்பதை ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடவே சாரம் கட்டுகிற கயிறு பத்துக் கட்டு, அது அவருடைய சொந்த அன்பளிப்பு. பேனரின் ஒரு பக்கக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆள் போதவில்லை. ராசம்மாளைக் கூப்பிட்டு நிறுத்தினோம். அவர் கயிற்றைப் பிடித்தபடி கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க சார்?"

"உங்க ஊர்க்காரங்கதான் கேட்டாங்கம்மா. சாரம், நூத்தம்பது."

ராசம்மாள் என்னைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த அந்த முகம் உடைந்து, சிரித்தே விட்டார். "சாரம்னா கைலிங்க சார். லுங்கி. எங்கப்பா கட்டுவாரு, மாமா கட்டுவாரு. அங்க ஆம்பளைங்க எல்லாரும் சாரந்தான் கட்டுவாங்க."

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஈரோடு இருக்கிறது. உலகத்துக்கே லுங்கி நெய்து அனுப்புகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு, லுங்கி கேட்டவனுக்கு நாங்கள் சவுக்குக் கம்பு ஏற்றிக்கொண்டிருந்தோம்.

தம்பிதுரையால் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ள முடியவில்லை. "அந்தம்மா சின்ன வயசுல வந்துபோட்டாங்க, இப்ப மாறியிருக்கும். எதுக்கும் வாத்தியாரையே கேட்டுப்போடலாங்க" என்றார். நான் மூன்றாவது முறையாக அந்த நம்பரைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"ஓம் ஐயா, உடுக்கிற சாரந்தான்" என்றார் பிரான்சிஸ் மாஸ்டர். "உடுத்தின உடுப்போட ஓடி வந்தவங்க. மாத்திக் கட்ட ஒண்ணுமில்ல. ஏன், எழுத்து வெளங்கலையா?"

அதற்குள் ராசம்மாள் பேனர் கயிற்றை விட்டுவிட்டார். பேனர் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அவர் போனுக்கு அருகில் வந்து, இந்த முறை என்னைக் கேட்காமல் தானே கேட்டார்.

"ஐயா, மேல்கணக்கு லயத்து வீட்டுல இருந்த மாரியாயி அங்க இருக்காளுங்களா? நான் அவ தங்கச்சி ராசம்மா."

மாஸ்டரின் குரல் உயர்ந்தது.

"இந்தியாத் தங்கச்சியா? அம்மா, அவங்களும் வீட்டுக்காரரும் இங்கதான் இருந்தாங்க. நல்லா இருக்காங்க. நேத்துப் பின்னேரம் மகன் வந்து பண்டாரவளைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. வந்த நாள்லருந்து ஒரே கேள்விதான், இந்தியாவுலருந்து போன் வந்துச்சா, தங்கச்சி பேசுச்சான்னு. ரெண்டு தடவை போன் வந்தப்பவும் பக்கத்துலதான் நின்னாங்க. நான்தான் சொன்னேன், இல்லம்மா, இது பேனர்காரங்க போன்னு."

அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த இரண்டு முறையும் நான் ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நாலு நாளைக்கு முன்பே அக்காளும் தங்கையும் பேசியிருப்பார்கள். ராசம்மாள் ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் ஊர் மரியாதை அவரையும் விடவில்லை.

"அந்தப் பையன் நம்பர் வாங்கிக் குடுங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

வாங்கிக் கொடுத்தேன். பழந்துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அவர் பேசினார். "அக்கா... சாப்பிட்டியா?" என்றுதான் ஆரம்பித்தார். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய நிவாரணப் பணி அந்த ஒரு போன். அதற்கு லாரி தேவைப்படவில்லை.

பேசி முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாமா, அக்கா வீட்டுக்காரரு, கட்டியிருந்த சாரம் கிழிஞ்சுபோயி, முகாம்ல இருந்தவரைக்கும் யாரோ குடுத்த சேலையத்தான் சுத்திக்கிட்டிருந்தாராமுங்க. வெளிய வர வெக்கப்பட்டுக்கிட்டு அறையவிட்டு நவுரலயாம்."

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. தம்பிதுரை தலையைத் திருப்பிக்கொண்டு, கம்புகளை இறக்கச் சொன்னார். ஷெர்வானி, கையுறை, இருமல் மருந்து எல்லாம் இறங்கின. முருங்கைக்காய் அன்று எல்லா வீட்டிலும் சாம்பாரானது. காந்திபுரத்தில் மொத்தக் கடையில் லுங்கி நூற்றைம்பது எடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சேலையும் கொசுவலையும் சோப்பும் அதே தெருவில் கிடைத்தன. ராசம்மாளையும் கூட்டிப் போயிருந்தோம், மாமாவுக்கு நீலக் கட்டம் பிடிக்கும் என்று அவர்தான் எடுத்தார். அந்த ஒன்று மட்டும் தனிப் பொட்டலமாகப் பண்டாரவளை விலாசத்துக்குப் போயிற்று. வழியில் மழை வரலாம் என்பதால் லுங்கி மூட்டைமேல் பேனரைப் போட்டு மூடினோம், எழுத்து உள்பக்கம் பார்க்க.

திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? கடையில் லுங்கிக் கட்டோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பழக்கம் விடுமா?

இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் தெருச் சங்கச் செயலாளராக இருக்கலாம், உங்கள் சம்பந்தியாக இருக்கலாம். 'அப்படியே நம்மாளுதானுங்க' என்று எழுதி இதைக் குழுவில் போட விரல் துடிக்கிறதல்லவா? தாராளமாகப் போடுங்கள். அதற்கு முன் ஒரு நிமிஷம். இன்று காலை நீங்கள் அவசரமாகக் கிளம்பும்போது, வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உங்களிடம் ஏதோ கேட்டார். நீங்கள் கையால் 'அப்புறம்' என்று காட்டினீர்கள். அவர் என்ன கேட்டார் என்பது ஞாபகம் இருக்கிறதா?